தொரோனே ஊராரின் மறுப்பு

1

கடற்பஞ்சைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய விஞ்ஞானக் குறிப்புகளில் ஒன்றில் ஒரு தகராறு பதிவாகியிருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிராணிகளைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலின் ஐந்தாம் பாகத்தில் அது வருகிறது. கடற்பஞ்சுக்கு உணர்ச்சி உண்டு என்று சொல்கிறார்கள். தன்னைப் பிடுங்க வருகிற கையை அறிந்ததும் அது சுருங்கிக்கொள்கிறது, பிடுங்குவது கடினமாகிவிடுகிறது, காற்றும் அலையும் பலமாக இருக்கும்போதும் அப்படியே செய்கிறது என்பது அவர்கள் காட்டும் அத்தாட்சி. இதைச் சொல்லிவிட்டு அரிஸ்டாட்டில் இன்னும் ஒன்றைச் சேர்க்கிறார். இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, உதாரணமாகத் தொரோனே ஊரார். அவ்வளவுதான். அடுத்து அவர் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

தொரோனே, கிரேக்கத்தின் வடக்கே கால்கிடிகே பிரதேசத்தில் இருந்த ஒரு துறைமுக ஊர். அரிஸ்டாட்டில் பிறந்த ஸ்டகிராவும் அதே பிரதேசம்தான். ஆகவே இது எங்கோ தூரதேசத்திலிருந்து காதில் விழுந்த செய்தி இல்லை, ஏறக்குறைய சொந்த ஊர்ப் பேச்சு. ஆனால் மறுத்தவர்கள் யார், கடலில் முக்குளித்தவர்களா, கரையில் நின்று பஞ்சை வாங்கி விற்றவர்களா, எதைக் கண்டு மறுத்தார்கள் என்பதற்கெல்லாம் நூலில் பதில் கிடையாது. ஆள் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊர் பெயரும் 'இல்லை' என்ற சொல்லும் மிஞ்சியிருக்கின்றன.

அரிஸ்டாட்டிலே இந்த விஷயத்தில் ஒரே இடத்தில் நின்றவரல்லர். நூலின் முதல் பாகத்தில் கடற்பஞ்சுக்கு ஏதோ ஒரு புலனுணர்வு இருப்பதாகத் தெரிகிறது என்கிறார். பின்னால், உயிரற்றதிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து பிராணிக்கும் இயற்கை சிறுகச் சிறுக ஏறிப்போவதைச் சொல்லும் இடத்தில், கடற்பஞ்சு எல்லா விதத்திலும் செடியை ஒத்திருக்கிறது என்கிறார். தன் தடுமாற்றத்தை மறைக்க அவர் முயலவில்லை. தொரோனேக்காரர்களின் மறுப்பையும் அதனால்தான் விட்டுவைத்தார் என்று நினைக்கிறேன்.

அந்த மறுப்பு சரியா தவறா என்று தெரிந்துகொள்ள இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலத்துக்குள் கடற்பஞ்சை அறிந்தவர்கள் இரண்டு வகுப்பாகப் பிரிந்து போனார்கள். தொட்டவர்கள் ஒரு பக்கம், பார்த்தவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் அதிகம் பேசவிடவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சரித்திரத்தைப் பற்றியது.

2

நம் கைக்கு வருகிற பஞ்சு கடற்பஞ்சே அல்ல. அது எலும்புக்கூடு. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தபால் ஆபீஸில் தலை ஒட்டுவதற்கும், பாங்கியில் நோட்டு எண்ணுவதற்கும் சின்னக் கிண்ணத்தில் ஈரப்பஞ்சு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். அது பெரும்பாலும் ஆலையில் செய்த சரக்கு. அதற்கு உருவமும் பெயரும் கொடுத்த அசல், மத்தியதரைக்கடலின் குளியல் பஞ்சு. விஞ்ஞானிகள் இட்ட பெயர் ஸ்பாஞ்சியா அஃபிசினாலிஸ். உயிரோடு இருக்கும்போது அது வெளுப்பு மஞ்சளாகவோ மிருதுவாகவோ இருக்காது. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்த அல்லது சாம்பல் நிற உருண்டை, வழவழப்பான தோல், வெட்டினால் உள்ளே வெளிறிய கூழ். கரைக்குக் கொண்டுவந்து, மிதித்து, அழுகவிட்டு, கடல்நீரில் மறுபடி மறுபடி கசக்கிப் பிழிந்தால் உயிர்ப்பகுதி முழுவதும் கழிந்துபோய் ஒரு நார்வலை எஞ்சும். மற்றப் பல கடற்பஞ்சுகளின் உடம்பில் கண்ணாடிபோன்ற சிலிக்காவினாலோ சுண்ணாம்பினாலோ ஆன ஊசிகள் இருக்கும், தொட்டால் குத்தும். இந்த இனத்தில் ஊசி கிடையாது. ஸ்பாஞ்சின் என்ற புரதத்தால் ஆன நார் மாத்திரம் உண்டு. அதனால்தான் மனிதத் தோலுக்கு இது ஒத்துவந்தது, அதனால்தான் அதற்கு ஆபத்தும் வந்தது.

கிரேக்கர்கள் இந்த எலும்புக்கூட்டோடு மிகவும் பழகியவர்கள். ஹோமரின் காவியங்களில் பட்டறையிலிருந்து எழுந்துவருகிற கொல்லர் தெய்வம் முகத்தையும் கைகளையும் பஞ்சால் துடைத்துக்கொள்கிறது. விருந்து மேஜைகளைப் பஞ்சால் துடைக்கிறார்கள். ஒடிஸியஸ் தன் வீட்டில் குடியேறியிருந்தவர்களைக் கொன்று முடித்ததும், பணிப்பெண்களைக் கொண்டு பிணங்களை அகற்றச் செய்து, நாற்காலிகளையும் மேஜைகளையும் தண்ணீராலும் பஞ்சாலும் துடைக்கச் செய்கிறான். துடைத்து முடித்த பிறகு அந்தப் பெண்களைத் தூக்கிலிடுகிறார்கள். இலக்கியத்தில் பஞ்சு வருகிற இடங்களில் எனக்கு மறக்காத இடம் இது. ரத்தத்தை உறிஞ்சிய பஞ்சு என்ன ஆயிற்று என்று காவியம் சொல்லவில்லை.

அரிஸ்டாட்டில் பஞ்சுகளை வகைப்படுத்துகிறார். இளக்கமானது, நெருக்கமானது, இரண்டையும்விட மெல்லியதும் வலுவானதுமாக அக்கிலீஸின் பெயரால் வழங்கியது. கடைசியாகச் சொன்னதைத் தலைக்கவசத்துக்கும் கால்கவசத்துக்கும் உள்ளே வைத்து அடியின் ஓசையைக் குறைப்பார்களாம். இது வியாபாரி பிரிக்கிற பிரிவு. ஆனால் அவரே, பிய்த்த இடத்தில் அடிக்கட்டை மீந்திருந்தால் அதிலிருந்து பஞ்சு மறுபடி வளர்ந்து முழுமை பெறும் என்றும் எழுதியிருக்கிறார். இது கடைத்தெருவில் தெரிய வழியில்லை. ஒரே இடத்துக்கு வருஷா வருஷம் திரும்பிப் போய் முக்குளிக்கிறவனுக்குத்தான் தெரியும். அந்த ஆளின் குரல் அரிஸ்டாட்டிலின் வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அவர் சொன்னது மெய் என்பது பிற்காலத்தில் நிரூபணமாயிற்று.

3

முக்குளிப்பவர்களைப் பற்றி மனம் இளகி எழுதியவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மீன்பிடித்தலைப் பற்றி ஒரு நீண்ட கவிதை இயற்றிய ஓப்பியன். பஞ்சு அறுக்கிறவனின் தொழிலைவிடக் கொடுமையான தொழில் இல்லை என்பது அவர் தீர்ப்பு. இடுப்பில் நீளக் கயிறு, ஒரு கையில் ஈயக்கட்டி, மறு கையில் அரிவாள், வாய் நிறைய எண்ணெய். அடியில் போனதும் எண்ணெயை உமிழ்வான். அது நீரில் கலங்கித் தெளிவு தரும். அறுத்ததும் கயிற்றை இழுப்பான். மேலே இருப்பவர்கள் தூக்குவார்கள். சில சமயம் தூக்கியபோது வருவது கடல் விலங்கு கிழித்த உடம்பாக இருக்கும்.

இந்த முறை ஏறத்தாழ மாறாமல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வந்தது. சிமி, கலிம்னோஸ் முதலிய ஈஜியன் தீவுகளில் தட்டையான ஒரு கல்லை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு தலைகீழாக இறங்குவார்கள். ஒரு மூச்சு, முப்பது மீட்டர், சில நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் கல்லையும் கயிற்றையும் நம்பித்தான் இறங்கினார்கள். மேலே கயிறு பிடித்தவன் கையில்தான் உயிர் இருந்தது. இரண்டு கடல்களுக்கும் தொடர்பு உண்டா என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மூச்சின் அளவு எங்கும் ஒன்றுதான்.

1860களில் சிமி தீவுக்கு முக்குளிக்கும் உடுப்பு வந்து சேர்ந்தது. ரப்பர் பூசிய துணி, செம்புத் தலைக்கவசம், மேலே படகில் காற்றடிக்கும் யந்திரம். இனி ஒரு மூச்சோடு திரும்ப வேண்டியதில்லை. அடித்தரையில் நடந்துபோய்ப் பஞ்சை அறுவடை செய்யலாம். தீவுகளில் பணம் கொழித்தது. மாடி வீடுகள் எழுந்தன. கூடவே மேலே வந்தவர்கள் மேல்தளத்தில் துடித்து விழுந்தார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று.

காரணம் பௌதிகம். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின்மீது ஒரு வாயுமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் அனுப்பப்படுகிற காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. நேரம் ஆக ஆகக் கூடக் கரைகிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். சட்டென்று ஏறினால் சோடாப் புட்டியைத் திறந்தது மாதிரிக் குமிழ் விடும். குமிழ்கள் மூட்டுகளிலும் தண்டுவடத்திலும் தங்கும். ஒற்றை மூச்சில் போய் வந்தவனிடம் கரைவதற்கு அதிகக் காற்று கிடையாது. அவன் ஏழ்மையே அவனைக் காத்தது. 1878இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பேர் குமிழ்களே காரணம் என்று காட்டினார். ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துப் பரிசோதித்து, எந்த ஆழத்திலிருந்து எங்கெங்கே நின்று ஏற வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் முதலியோர் 1908இல் வெளியிட்டார்கள். அது பிரிட்டிஷ் கடற்படைக்காக நடந்த ஆராய்ச்சி. உடுப்பு வந்ததற்கும் அட்டவணை வந்ததற்கும் நடுவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அதற்குள் ஒரு தலைமுறை முக்குளிப்பவர்கள் முடிந்துபோனார்கள்.

கலிம்னோஸில் 'மிகானிகோஸ்' என்று ஒரு நடனம் உண்டு. யந்திரக்காரன் என்று பொருள். யந்திர உடுப்பில் இறங்கியவனைக் குறிக்கும். வரிசையாக ஆடுகிறவர்களில் முன்னால் இருப்பவனுக்குக் கால் நடுங்கும். தடியை ஊன்றி, தாளத்தைப் பிடிக்க முயன்று, தவறி, மறுபடி முயல்வான். பக்கவாதம் வந்தவனின் நடையை அந்தத் தீவு நடனமாக வைத்துக்கொண்டிருக்கிறது. ஹால்டேனின் அட்டவணையும் இந்த நடனமும் ஒரே விஷயத்தைப் பற்றிய இரண்டு ஆவணங்கள். ஒன்றில் நிமிஷக் கணக்கு இருக்கிறது, மற்றதில் கால் இருக்கிறது.

1900இல் சிமி தீவுப் படகொன்று புயலுக்கு ஒதுங்கி அன்டிகிதேரா தீவருகே நின்றது. காப்டன் திமித்ரியோஸ் கொண்டோஸ். இறங்கிய எலியாஸ் ஸ்டாடியாடிஸ் என்பவர் அடியில் மனித உருவங்களையும் குதிரைகளையும் கண்டு அரண்டு மேலே வந்தார். அவை மூழ்கிய பழங்காலக் கப்பலில் இருந்த சிலைகள். கிரேக்க அரசு அவற்றை எடுக்க அதே பஞ்சுக்காரர்களைத்தான் அமர்த்தியது. 1901 வரை நடந்த வேலையில் ஒருவர் இறந்தார், இருவர் முடமானார்கள். அப்படி வெளிவந்த துருப்பிடித்த கட்டிகளில் ஒன்றுதான் கோள்களின் இயக்கத்தைக் கணிக்கும் பற்சக்கரப் பொறி என்று பின்னால் தெரிந்து உலகத்தை வியக்கவைத்தது. பழைய கிரேக்கத்தின் அறிவை மேலே கொண்டுவந்தது பஞ்சு அறுக்கப் போன கைகள். இதைச் சொல்கிற புத்தகங்கள் பொறியைப் பற்றி நூறு பக்கமும் முடமானவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதுவது வழக்கமாகிவிட்டது.

4

இனிப் பார்த்தவர்களுக்கு வருவோம்.

லின்னேயஸ் 1759இல் இந்த இனத்துக்குப் பெயரிட்டபோது அதைத் தாவரங்களின் தொகுதியில், பாசிகளோடு சேர்த்தார். ஆறே வருஷத்தில், 1765இல், லண்டன் வியாபாரி ஜான் எல்லிஸ் உயிருள்ள பஞ்சைக் கடல்நீரில் வைத்துப் பார்த்து, துளைகளில் நீர் போய்வருவதைக் கண்டு, இது பிராணி என்று ராயல் சொசைடிக்கு எழுதினார். எல்லிஸ் பார்த்தது பாதி சரி. ஒரே துளையில் நீர் உள்ளே போய் வெளியே வருகிறது என்று நினைத்துவிட்டார், நாம் மூச்சு விடுவதுபோல.

மீதிப் பாதியைக் கண்டவர் எடின்பரோவில் டாக்டராக இருந்த ராபர்ட் கிராண்ட். 1825ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஸ்காட்லாந்துக் கடற்கரையில் கிடைத்த சின்னச் சின்னப் பஞ்சுகளைக் கைக்கடிகாரக் கண்ணாடியில் நீரோடு வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பெரிய துளையிலிருந்து நீர் வெளியே பாய்ந்துகொண்டே இருந்தது. மணிக்கணக்கில் நிற்கவில்லை, உள்ளே போகவும் இல்லை. மேலெல்லாம் இருக்கும் நுண்துளைகளில் புகுந்து, உடம்பினுள் ஓடி, பெரிய துளை வழியாக வெளியேறுகிற ஒருவழிப் பாதை. இந்தத் துளைகளை வைத்து அவரே 1836இல் இந்த உயிர்வகுப்புக்குப் 'போரிஃபெரா' என்று பெயர் கொடுத்தார். துளை தாங்கிகள் என்று பொருள். பஞ்சின் குஞ்சுகள் நுண்ரோமங்களை அசைத்துச் சிறிது காலம் நீந்தித் திரிந்த பிறகே பாறையில் குடியேறுகின்றன என்பதையும் அவர் கண்டார். அந்த நாட்களில் அவரோடு கரையில் பிராணி பொறுக்கித் திரிந்த மாணவர்களில் ஒருவர் சார்ல்ஸ் டார்வின்.

கிராண்ட் தொரோனேத் தகராறையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். பஞ்சின் துண்டுகளை அமிலத்திலும் சாராயத்திலும் தோய்த்தும் இன்னும் பல விதமாகவும் உசுப்பிப் பார்த்தார். எதுவும் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கவில்லை. தொரோனே ஊராருக்கு முதல் சாட்சி கிடைத்தது.

நீரை ஓட்டுவது எது என்பது 1860களில் அமெரிக்கரான ஜேம்ஸ்-கிளார்க்கின் கண்ணில் பட்டது. பஞ்சின் உள்ளறைகளில் கோடிக்கணக்கான செல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டை, சாட்டையைச் சுற்றி வலைபோன்ற ஒரு கழுத்துப்பட்டை. சாட்டை அசைய நீர் நகரும், பட்டையில் பாக்டீரியாவும் பிற நுண்துகள்களும் சிக்கும். இதே உருவத்தில், தனியாக வாழ்கிற ஒரு செல் உயிர்களும் நீரில் இருக்கின்றன என்பது அவரை உலுக்கியது. ஒரு பஞ்சு ஒரு நாளில் தன் பருமனைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரை இப்படிச் செலுத்துகிறது. அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, இதயம் இல்லை, நரம்பு இல்லை. ஓட்டம் ஒன்றே அதற்கு எல்லாம்.

கைக்கும் கண்ணுக்கும் இடையே இருந்த பிளவு நன்றாகத் தெரிகிற சம்பவம் ஏட்ரியாடிக் கடலில் நடந்தது. ஆஸ்கர் ஷ்மிட் என்ற விலங்கியலார், பஞ்சைத் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டிவைத்தால் ஒவ்வொரு துண்டும் முழுப் பஞ்சாக வளரும் என்று நம்பி, 1863 முதல் லெசினா தீவில் பரிசோதனை நடத்தினார். வளர்ந்தது. அடிக்கட்டையிலிருந்து மறுபடி வளரும் என்ற பழைய முக்குளிப்பவனின் வாக்கு மெய்யாயிற்று. ஆனால் அந்தக் கடலின் மீனவர்கள் அந்தத் தோட்டத்தைத் தங்களுக்கு விரோதமாகப் பார்த்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பும் சேர்ந்து 1872இல் அது நின்றுபோயிற்று. தங்கள் அறிவு தங்களுக்கே போட்டியாகத் திரும்பி வருவதை அவர்கள் எப்படி வரவேற்றிருக்க முடியும்?

நம் கடலுக்கும் இந்தக் கணக்கில் ஓர் இடம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சென்னைக் கடலில் சேகரித்து அனுப்பிய பஞ்சுகளை ஆர்தர் டெண்டி 1887இல் விவரித்தார். இலங்கையின் முத்துச்சிப்பிகள் ஏன் குறைகின்றன என்று அறிய ஹெர்ட்மன் நடத்திய ஆய்வில் மன்னார் வளைகுடாவிலிருந்து கிடைத்தவற்றைப் பற்றி, அதே டெண்டி 1905இல் பெரிய அறிக்கை எழுதினார். சிப்பி ஓட்டைத் துளைத்து வாழும் பஞ்சுகளும் அந்தக் கடலில் உண்டு. அவற்றை முதலில் கையால் தடவி அறிந்தவர்கள் முத்துக் குளித்தவர்கள். துளைபட்ட ஓடு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு எதிலும் எழுதப்படவில்லை. நாமும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

5

சுருங்குகிறதா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. சுருங்குவது எது? ஓர் உயிரா, ஒரு கூட்டமா?

1907இல் வட கரோலினாவின் எச்.வி. வில்சன் ஒரு சிவப்புப் பஞ்சை, மாவு சலிக்கும் மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். மைக்ரோசியோனா புரோலிஃபெரா என்ற இனம். துணியின் மறுபக்கம் செல்கள் தனித்தனியாக, சிவப்பு மேகம்போல நீரில் விழுந்தன. பஞ்சு என்று சொல்ல எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் செல்கள் ஊர்ந்து ஒன்றையொன்று ஒட்டின. சிறு உருண்டைகள் ஆயின. நாட்கள் போக அந்த உருண்டைகளில் மறுபடி அறைகளும் ஓடைகளும் துளைகளும் தோன்றி நீர் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் இரண்டு இனங்களின் செல்களைக் கலந்துவிட்டுப் பார்த்தார்கள். பல சமயம் அவை தத்தம் இனத்தோடு பிரிந்து சேர்ந்தன.

இந்தப் பரிசோதனையைக் கூட்டு வாழ்வுக்கு உபமானமாகவோ தனிமனிதனின் அழிவுக்கு உபமானமாகவோ காட்டிவிடலாம். இரண்டையும் செய்ய ஆசை வரும். செய்யாமலிருப்பதே நல்லது. செல்கள் ஒட்டுவதற்கு அவற்றின் மேற்புறத்தில் உள்ள மூலக்கூறுகள் காரணம், கொள்கை அல்ல. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. 'இதற்கு உணர்ச்சி உண்டா' என்று கேட்கும்போது 'இது' என்று நாம் சுட்டுவது எதை என்ற நிச்சயம் 1907க்குப் பிறகு போய்விட்டது.

1910இல் ஜி.எச். பார்க்கர் தொரோனே வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுத்தார். ஸ்டைலோடெல்லா என்ற பஞ்சின் பெரிய துளையை அவர் கவனித்தார். நீர் ஓட்டம் இருக்கும்போது திறந்திருக்கிறது. நீர் அசையாமல் நின்றாலோ காற்றுப் பட்டாலோ மூடிக்கொள்கிறது. இதற்கு நிமிஷங்கள் ஆகின்றன. நரம்பு எதுவும் இதில் சம்பந்தப்படவில்லை. துளையைச் சுற்றியுள்ள செல்களே தூண்டுதலை வாங்கித் தாங்களே சுருங்குகின்றன. கிராண்ட் பார்த்தபோது ஏன் ஒன்றும் நிகழவில்லை என்பது இப்போது ஓரளவு விளங்கியது. பஞ்சு அசைகிற வேகத்துக்கு மனிதக் கண் காத்திருக்கவில்லை.

காமிரா காத்திருந்தது. 2007இல் எலியட்டும் லெய்ஸும் ஒரு நன்னீர்ப் பஞ்சை விட்டு விட்டுப் படம் பிடித்து ஓட்டிப் பார்த்தார்கள். அழுக்கு அடைத்துக்கொண்டால் அது தன் உள்ளோடைகளை வீங்கச் செய்து, பிறகு சுருக்கி, அழுக்கை வெளியே தள்ளுகிறது. தும்மல் என்றே அதைக் குறிப்பிட்டார்கள். ஒரு தும்மலுக்கு அரைமணி நேரம் ஆகிறது. 2022இல் கரீபியன் கடலின் ஒரு குழாய்ப் பஞ்சிடமும் இதுபோன்ற செய்கையைக் கண்டு எழுதினார்கள். அது தன் நுண்துளைகள் வழியே, நீரோட்டத்துக்கு எதிராகச் சளியை வெளியேற்றுகிறது. கண்ணாடிப் பஞ்சுகள் சிலவற்றில் நரம்பில்லாமலே மின் துடிப்பு உடம்பெங்கும் பரவி நீரோட்டத்தை நிறுத்துவது 1990களில் தெரியவந்தது. 2010இல் ஆம்ஃபிமெடான் என்ற பஞ்சின் மரபணுத்தொகுதி வெளியானபோது, நம் நரம்புச் சந்திகளில் வேலை செய்கிற புரதங்கள் பலவற்றுக்கான மரபணுக்கள் அதில் இருப்பது தெரிந்தது. நரம்பு இல்லாத உடம்பில் நரம்பின் சாமான்கள். அவை நரம்புக்கு முன்னால் வந்தவையா, நரம்பை இழந்தபின் மிஞ்சியவையா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பிராணிகளின் வம்சத்தில் முதலில் பிரிந்தது கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா என்ற வழக்கும் அதனோடு பிணைந்து கிடக்கிறது.

6

இதற்குள் குளியல் பஞ்சு அருகிவிட்டது. 1938-39இல் கரீபியன் பக்கத்துப் பஞ்சுகளை ஒரு நோய் வாரிக்கொண்டு போயிற்று. பஹாமாஸின் பஞ்சுத் தொழில் அதில் ஒடிந்தது. 1986 முதல் மத்தியதரைக்கடலில் நோய் பரவியது. நோய் வராத இடங்களில் ஏற்கெனவே அறுத்து முடித்திருந்தார்கள். செயற்கைப் பஞ்சு வந்து சந்தையைப் பிடித்தது. கலிம்னோஸில் பஞ்சுக்காரர்கள் மிகச் சிலர், நடனம் இருக்கிறது.

தொரோனே வழக்கில் தீர்ப்பு என்ன? பிடுங்க வந்த கையை உணர்ந்து உடனே இறுகுகிறது என்ற பேச்சு நிற்காது. அளக்கப்பட்ட சுருக்கங்கள் பெரும்பாலும் நிமிஷக் கணக்கில் நிகழ்கின்றன. ஒரு மூச்சோடு இறங்கியவன் அதற்குள் மேலே வந்துவிட்டிருப்பான். அந்த மட்டில் தொரோனே ஊரார் சொன்னது சரி. ஆனால் அது எதையும் உணர்வதில்லை, செடியைப்போல நிற்கிறது என்பது அவர்கள் கருத்தானால் அது தவறு. அது உணர்கிறது, சுருங்குகிறது, நம்முடைய அவசரத்தில் அல்லாமல்.

அப்படியானால் சுருங்குகிறது என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது என் ஊகம், நிரூபிக்க வழியில்லை. முப்பது மீட்டர் ஆழத்தில், நெஞ்சில் காற்றுத் தீர்ந்துகொண்டிருக்கும்போது, வழுக்குகிற ஒரு பொருளைப் பாறையிலிருந்து பிரிக்கிறவனுக்கு அது விநாடிக்கு விநாடி இறுகுவதாகத்தான் தெரியும். அவன் தன் மூச்சை அளந்திருக்கிறான். அதைப் பஞ்சின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறான். தன் உடம்பின் அனுபவத்தைப் பொருளின் குணமாகச் சொல்வது விமர்சனத்திலும் நாம் நாள்தோறும் செய்வதுதான். தொரோனேயில் இருந்தவர்கள் ஒருவேளை ஆழம் குறைந்த, அமைதியான நீரில் நிதானமாகப் பறித்தவர்களாக இருக்கலாம். அவர்கள் கையில் அது இறுகவில்லை.

இரண்டு சாட்சியங்களும் நமக்கு வேண்டியிருந்தன. முதலாவது மட்டும் மிஞ்சியிருந்தால் கிராண்டுக்கு அமிலத்தில் தோய்த்துப் பார்க்கத் தோன்றியிருக்குமா, பார்க்கருக்குத் துளையின் அருகே உட்கார்ந்திருக்கத் தோன்றியிருக்குமா தெரியாது. தான் எழுதுகிற கருத்துக்கு எதிரான கருத்தை, அதைச் சொன்னவர்கள் பெரிய மனிதர்கள் அல்ல என்று தெரிந்தும், ஊர்ப் பெயரோடு ஒரு வரியில் வைத்துவிட்டுப் போனார் அரிஸ்டாட்டில். கடற்பஞ்சைப் பற்றி அவர் எழுதியவற்றில் பல பழையதாகிவிட்டன. அந்த வரி ஆகவில்லை.